ஏழரை மில்லி

மதுரையில், மாசி வீதிக்குப் பின்னால்
மாடி ஏறிப் போகிற கடை.
இரும்புக் கதவு, உள்ளே இன்னொரு இரும்புக் கதவு.
ஞானசிகாமணி என்கிறவர்
கண்ணாடிப் பலகைமேல் பச்சைத் துணி விரித்தார்,
வளையல் காட்டுகிறவர் மாதிரி.

முதலில் வைத்தது வெளிநாட்டுச் சாமான்.
யாரோ ஜமீன் வாரிசு விற்றுவிட்டுப் போனதாம்.
விலையைக் கேட்டேன்.
அந்த விலைக்குப் புளியமலையில்
கால் ஏக்கர் வரும், செடியோடு.
தள்ளி வையுங்கள் என்றேன்.

அடுத்தது அரசாங்க ஆலையில் செய்தது.
இருக்கிறதிலேயே மலிவு.
நூறு வருஷத்துக்கு முன்னால்
சீமைக்காரன் எவனோ போட்ட கோடாம்.
மாற்ற வேண்டுமென்று அப்புறம் யாருக்கும் தோன்றவில்லை, என்றார்.
கைப்பிடியில் பிளாஸ்டிக் வில்லை கொஞ்சம் ஆடியது.
ஸ்லைடை இழுக்கச் சொன்னார்.
இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது.
“புதுசு, இறுக்கமாத்தான் இருக்கும்.
தோட்டா போடாம தினம் பத்து தடவை இழுங்கம்மா.”

துளை எவ்வளவு?
“ஏழு புள்ளி ஆறு அஞ்சு மில்லி.”

ஏழரைக்குக் கொஞ்சம் மேலே.
சனிக்கிழமைக்குப் பொருத்தம்தான்.

இருபத்திரண்டு வருஷமாக மில்லியில் பிழைக்கிறவள் நான்.
எட்டு மில்லிக் காய்க்கு ஒரு விலை,
ஏழரைக்கு ஒரு விலை,
அதற்கும் கீழே என்றால் தரகன் முகத்தைத் திருப்புவான்.
கைப்பையில் எப்போதும் நாலு ஏலக்காய் கிடக்கும்.
ஒன்றை எடுத்துக் குழலின் வாயில் வைத்தேன்.
நுழையவில்லை.
முதல் தரம்.
ஞானசிகாமணி சிரிக்கவில்லை.
பெயர் கேட்டார். வே. தெய்வக்கனி.
தொழில்? ஏலத்தோட்டம்.
எதற்கு என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

மற்ற எல்லோரும் கேட்டாயிற்று.
தாசில்தார், இன்ஸ்பெக்டர், கலெக்டர் ஆபீசில்
சம்பந்தமே இல்லாத ஒரு டிரைவர்.
பத்தொன்பது மாசமாக ஒரே பதில்:
சனிக்கிழமை, கூலிப்பணம், ஆறாவது கொண்டை ஊசி,
பைக்கில் இரண்டு பேர், முகத்தில் துண்டு.
பின்னால் இருந்தவன் போட்டிருந்தது
போன ஆடியில் என் ஆட்களுக்கு நான் வாங்கிக் கொடுத்த
நீல மழைக்கோட்டு.
அதை மட்டும் எந்த மனுவிலும் எழுதவில்லை.

உரிமப் புத்தகத்தை
வீட்டுக்கு வந்துதான் முழுதாகப் படித்தேன்.
நாலாம் பக்கம், ஊதா முத்திரை, பாதி அழிந்தது:
செல்லுபடியாகும் எல்லை, தமிழ்நாடு மட்டும்.

வீடு கம்பம்.
தோட்டம் மெட்டுக்கு அந்தப் பக்கம்.
வளைவு பூராவும் எனக்குப் பாத்தியம்.
மேலே ஏறினால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில்,
அதற்குக் கீழே குனிந்து போனால் கேஸ்.
தங்கச்சன் டீக்கடையில்
குடையை விட்டுவிட்டுப் போகலாம்,
போனவாரம் பலாப்பழத்தைக்கூட விட்டுவிட்டுப் போனேன்.
இதை?

பீரோவில் இருக்கிறது, பித்தளைத் தராசுக்குப் பக்கத்தில்.
ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு பத்து தடவை.
இப்போது முழுக்க வருகிறது, சத்தம்கூட நன்றாக இருக்கிறது.
வில்லை இன்னும் ஆடுகிறது.

சனிக்கிழமை.
பணம் தூக்குவாளியின் அடித்தட்டில்,
மேலே புளிச்சோறு.
ஆறாவது வளைவில் ஜீப்பை நானே நிறுத்தச் சொன்னேன்.
ஒரு குரங்கு. வேறு யாருமில்லை.

ஸ்டோருக்கு வெளியே மழை.
நீலக் கோட்டில் பதினாறு பேர் வரிசையாக.
ஒவ்வொரு கையாகப் பார்த்துக் கொடுத்தேன்,
மணிக்கட்டு, நகம், தழும்பு.
ஒருத்தன், பெயர் எதற்கு,
எண்ணிவிட்டுத் திரும்பி வந்தான்.
“அம்மா, நூறு ரூபா கூட இருக்கு.”

வாங்கி எண்ணினேன்.
கூடத்தான் இருந்தது.
நோட்டு ஈரமாக இருந்தது, மழையில் இல்லை,
என் கையில்.